பிள்ளை பிழைத்தது, தாய்?



நெல்லைச் சீமையில் ஒரு பெண் பிள்ளை பெற்றால் அம்மாவும் ஆச்சியும் சித்தியும் அந்தப் பச்சை உடம்புக்காரியை நாற்பது நாள் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்கள். பிழைப்புத் தேடி வந்த இந்தத் தாராவியில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? புருஷன் மூன்றாம் நாளே வேலைக்கு ஓடுகிறான். ஓடாவிட்டால் கூலி இல்லை. மத்திய சர்க்கார் ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தோல் பட்டறைத் தொழிலாளிக்கு அப்படியொரு சட்டம் இல்லை.

சுகப்பிரசவத்துக்கே இந்தக் கதி. இரண்டு நாள் வலி தின்று, ஆயுதம் போட்டோ வயிற்றைக் கிழித்தோ எடுத்த பிள்ளை இங்குபேட்டர் பெட்டியில் கிடக்க, வெறுங்கையோடு வீடு திரும்புகிறவள் அழுதால் நாம் சொல்வதென்ன? "பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, இன்னும் என்னடி அழுகை?" சிலர் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கவும் கூட்டிப்போகிறார்கள்.

கோவாவில் பிரசவமான தாய்மார்களை ஆராய்ந்து 2002ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு நோய்! வறுமை, புருஷனின் அடி, ஆண் பிள்ளைக்குக் காத்திருந்த வீட்டில் பெண் பிறந்தது, இவை உள்ள இடத்தில்தான் நோய் அதிகம். பேயை எங்கே போய்த் தேடுகிறீர்கள்?

மருந்து எட்டாத உயரத்திலும் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டிக் கிராமங்களில் டாக்டர் அல்லாத சுகாதாரப் பெண் ஊழியர்கள், முறையாகப் பயின்று, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடு தேடிப்போய்ப் பேசினார்கள். பிரசவமாகி ஆறாம் மாதத்தில் நோய் நீங்காதவர் நூற்றுக்கு 23 பேர். அந்தப் பயிற்சி பெறாதவர்கள் போய்வந்த பகுதியிலோ 53 பேர். இது 2008ல் வெளிவந்த கணக்கு.

நம் சயான் ஆஸ்பத்திரியில் 1989லேயே டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். முகமறியாதவளின் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஊரில், பெற்றவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கொடுக்க ஆளில்லையா?

நம் சங்கங்கள் சாவுக்குப் பணம் திரட்டுகின்றன, பொங்கலுக்குப் பந்தல் போடுகின்றன. பிறப்புக்கு? ஒவ்வொரு சாலிலும் இரண்டு அனுபவசாலிப் பெண்கள் போதும். வாரம் ஒருமுறை போங்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். பட்ட பாட்டை அவள் வாயாலேயே சொல்ல விடுங்கள், குறுக்கே புத்திமதி வேண்டாம். தூக்கமே இன்றிப் பிதற்றினாலோ, சாகப்போகிறேன், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ, தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 14416 என்ற சர்க்கார் எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் மகளிர் அணி இதைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும். தினக்கூலித் தகப்பனுக்கும் கூலியோடு விடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையையும் அதிலேயே சேர்க்கட்டும்.