சட்டைப் பையிலே சரவெடியா?

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளி, நாள்தோறும் மருந்தோடு மல்லாடுபவன். இரும்பு உரசினால் பொறி எழும், பொறி எழுந்தால் உயிர் போகும் என்பதை ஏட்டிலே படித்தல்ல, இழவு வீட்டு வாசலிலே நின்று அறிந்தவன். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி! 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம்! முன்னதிலே முப்பதுக்கும் மேற்பட்டோர், பின்னதிலே இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறக்க முடியுமா?

நெருப்பின் குணம் அறிந்த அந்தத் தோழனின் சட்டைப் பையிலே இன்று இன்னொரு நெருப்பு குடியேறியிருக்கிறது. செல்போன் பேட்டரியைத்தான் சொல்கிறோம்.

"பேட்டரிதானே, பட்டாசா?" என்று கேட்பீர்கள். லித்தியம் பேட்டரிக்குள்ளே இரண்டு மின்முனைகள். நடுவே தாளைவிட மெல்லிய தடுப்புச் சவ்வு. ஊறிக் கிடப்பதோ எளிதிலே தீப்பற்றும் திரவம். சவ்வு கிழிந்தால் முனைகள் சேரும், சேர்ந்தால் சூடு, சூடு சூட்டை வளர்க்கும், பிறகு புகை, நெருப்பு!

2016 செப்டம்பர் 23 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்திலே, சாமான் தட்டிலிருந்த சாம்சங் நோட் 2 புகைந்தது. பணியாளர்கள் தீயணைப்பான் கொண்டு அடக்கினர். அதே மாதத்திலேதான், தீப்பற்றிய கேலக்ஸி நோட் 7 போன்களை அந்த நிறுவனம் திரும்பப் பெறத் தொடங்கியது. அக்டோபரிலே உற்பத்தியையே நிறுத்தியது. 2017 ஜனவரியிலே அது வெளியிட்ட ஆய்வு முடிவு என்ன? நோட் 7 தீப்பற்றியது வாங்கியவன் குற்றத்தால் அல்ல, பேட்டரியிலேயே குறை!

ஏன் இதைச் சொல்கிறோம்? எங்கே தீப்பிடித்தாலும் "தொழிலாளியின் கவனக் குறைவு" என்று ஒரே வரியிலே கணக்கை முடிப்போர் உண்டு. முத்திரையற்ற பேட்டரியை மலிவு விலையிலே கொட்டி விற்பவனைக் கேட்பது யார்? செல்போன் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு கட்டாயம். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்கின்றன 2022-ஆம் ஆண்டு விதிகள். விதிகள் ஏட்டிலே உறங்கலாமா? தட்டி எழுப்புவோம்!

கேட்கும் உரிமை நமக்குண்டு. காத்துக் கொள்ளும் கடமையும் நமக்குண்டு. உப்பிய பேட்டரியை உடனே மாற்றுவோம். ஊசியால் குத்தும் வித்தை வேண்டாம். தலையணைக்கடியிலே வைத்து இரவெல்லாம் சார்ஜ் போட வேண்டாம். வேகாத வெயிலிலே வண்டிப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம். குப்பையோடு கொளுத்தவே வேண்டாம். வீட்டிலே போன் புகைந்தால், கையிலே எடுக்காமல், முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு எட்டி நின்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவோம்.

ஆலை வாயிலிலே? செல்போன் வெளியே, தொழிலாளி உள்ளே! அதை வைக்கப் பூட்டுள்ள அலமாரி, வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்தால் ஓடிவந்து சொல்ல ஓர் ஆள் — இவற்றைத் தருவது முதலாளியின் கடமை.

ஊரெல்லாம் விழா கொண்டாட ஒளி சமைக்கும் கை, சிவகாசித் தொழிலாளியின் கை. அந்தக் கையிலே உள்ள கருவி அவனையே சுடலாகாது!