எந்தப் பாட்டனின் பெயர்?

யாழ்ப்பாணத்திலே பாட்டனைப் பேரன் என்று அழைக்கும் வழக்கு உண்டு. பேரன் என்னுஞ் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயர் பிள்ளைக்கு இறங்கிவந்த வழக்கத்தை அச்சொல் இன்னமும் காத்து நிற்கின்றது. எந்தப் பாட்டன் என்பதிலேதான் பிணக்கு! கணவர் தம் தந்தையின் பெயரையும் மனைவி தன் தந்தையின் பெயரையும் விரும்பி நிற்க, சோதிடம் பார்க்கும் வீடுகளில் உரோகிணிக்கு ‘ஒ, வ, வி, வு’ என்றெழுதிய துண்டு மூன்றாவது வழக்காளியாக வந்து சேரும்.

சகோதரிகளே, தமிழ்ப் பிள்ளையின் பெயருக்கு முன்னே தந்தையின் பெயர் பெரும்பாலும் எப்படியும் வந்து நின்றுவிடுகின்றது. பள்ளிக்கூட இடாப்பிலும் அடையாள அட்டையிலும் அதுவே முன்னிற்கும். பத்து மாதஞ் சுமந்தவளுக்கு அங்கே ஓரெழுத்துத்தானும் இல்லை. ஆதலால் இடுபெயரைத் தெரிவதில் அவள் சொல் சற்று மேலோங்குதல் நியாயமென்பது எம் கருத்து. கணவன்மார் கோபித்தல் வேண்டா. பிடிக்காத பெயரை மறுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

இருவரும் தனித்தனியே 10 பெயர் எழுதி, மற்றவர் வெறுப்பவற்றை வெட்டிவிட்டு, எஞ்சியவற்றைப் படலையடியில் நின்று உரத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். நாத் தடுக்கும் பெயர் தானே விலகிவிடும்.

வீட்டுக்கொன்று, பதிவுக்கொன்று எனச் சமரசஞ் செய்வோரும் உளர். முதல்நாள் வகுப்பில் ஆசிரியர் கூப்பிடும்போது அப்பிள்ளை யாரையோ அழைக்கிறாரென்று பேசாதிருக்கும்.

இலங்கையிற் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். ஆயினும் அதுவரை காத்திராதீர்கள். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு உறவினர் கூடுமுன்னரே பெயரை முடிவுசெய்துவிடுங்கள். கூடியபின் மாமிமாரைச் சமாளிப்பது எம்மால் ஆகாது.