தட்டிக்கொடுப்பதும் தடவிப் பார்ப்பதும்

இங்கிலீஷில் "பிரிஸ்க்" என்று ஒரு சொல் இருக்கிறது. கட்டை அவிழ்த்துவிட்டதும் கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறதே, அந்தத் துள்ளலைக் குறிக்கும் சொல் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருடர்களின் கொச்சைப் பேச்சில் புகுந்து, ஒருவன் உடம்பைத் தடவிச் சோதிப்பது என்ற பொருளும் அதற்கு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று விமான நிலையத்திலும் மெட்ரோ ரயில் வாசலிலும் ஆலைக் கேட்டிலும் "பிரிஸ்கிங்" என்கிறார்கள். கையை விரி, திரும்பு, போ! துள்ளல் எங்கே, இது எங்கே!

இந்தச் சொல்லுக்கு ஒரு தங்கையும் உண்டு: "பேட்-டௌன்". "பேட்" என்றால் தட்டிக்கொடுப்பது. குழந்தையின் முதுகில் தட்டுகிறோம், உழைத்துக் களைத்த மாட்டின் கழுத்தில் தட்டுகிறோம், அந்தத் தட்டல். "சோதனை" என்று சொன்னால், "நான் என்ன திருடினேன்?" என்ற கேள்வி உடனே எழும். தட்டிக்கொடுத்தோம் என்றால் யார் கோபித்துக்கொள்ள முடியும்? ஆட்குறைப்புக்கு "ரேஷனலைசேஷன்" என்று பெயர் வைத்தவர்களின் மூளைக்கு இது ஒன்றும் புதிதல்ல.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். 1963-இல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் ஒரு துப்பறியும் போலீஸ்காரர், கடை ஜன்னலை மாறி மாறி நோட்டம் பார்த்தவர்களைச் சந்தேகித்து, மேல்கோட்டைத் தடவிப் பார்த்துத் துப்பாக்கி எடுத்தார். 1968-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: இந்த மனிதனிடம் ஆயுதம் இருக்கிறது, இவனால் ஆபத்து என்று சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்தால், ஆயுதத்துக்காக மட்டும், மேலாடையைத் தடவிப் பார்க்கலாம். இதைச் சில்லறைத் தொந்தரவு என்று ஒதுக்கிவிட முடியாது, மனிதனின் கௌரவத்தில் கைவைக்கும் காரியம் என்றும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அனுமதி கொடுத்தவர்களே சொன்னது இது.

அந்தச் சிறு கதவு எவ்வளவு அகலமாகத் திறந்தது தெரியுமா? 2004 முதல் 2012 வரை நியூயார்க் போலீஸ் 44 லட்சம் தடவை வழியில் போகிறவர்களை நிறுத்தியது. பாதிக்கு மேற்பட்ட தடவை உடம்பைத் தடவியும் பார்த்தது. தடவிய நூறு பேரில் ஆயுதம் அகப்பட்டது ஒன்று அல்லது இரண்டு பேரிடம். நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் கறுப்பர்களும் ஸ்பானிய வம்சத்தினரும். கோட்டும் டையும் அணிந்து பங்குச் சந்தைக்குப் போகிறவரின் பையையா தடவினார்கள்? 2013-இல் ஒரு நீதிபதி இந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.

2009 ஏப்ரலில் டில்லி விமான நிலையத்தில் நம் முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் ஆட்கள் இப்படித் தடவிப் பார்த்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் பார்லிமெண்ட் கொதித்தது, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. கொதித்தது நியாயந்தான். ஆனால் ஷிப்ட் முடிந்து கேட்டில் வரிசையாக நிற்கும் பஞ்சாலைப் பெண்ணுக்காக எந்த பார்லிமெண்ட் கொதித்தது? களத்து மேட்டில் மடியை உதறிக் காட்டு என்று யாராவது ஒரு விவசாயத் தொழிலாளியிடம் சொன்னால் அதற்கும் இதே பெயர்தான், இங்கிலீஷ் தெரியாவிட்டாலும்.

இந்தச் சோதனை உச்சத்துக்குப் போன இடம் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கம். 1883-இல் வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளரின் உடையைக் களைந்து சோதிக்கும் முறையை முதலாளிகள் புகுத்தினார்கள். வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1884-இல் மீண்டும் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் மாண்டார்கள். பிறகு நடந்ததுதான் முதலாளிகளின் தந்திரம். வெள்ளையருக்குச் சோதனையைத் தளர்த்தினார்கள்; கறுப்புத் தொழிலாளரைக் காம்பவுண்டுக்குள் அடைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புமுன், வைரத்தை விழுங்கியிருப்பான் என்று நாட்கணக்கில் நிர்வாணமாகப் பூட்டிவைத்தார்கள். சேர்ந்து நின்று எதிர்த்திருக்க வேண்டியவர்களை, சட்டையைக் கழற்றுகிறவன், கழற்றாதவன் என்று பிரித்தாயிற்று.

மானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கூலிக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில் அமேசான் கிட்டங்கித் தொழிலாளர், வேலை முடிந்த பிறகு பர்ஸ், சாவி, பெல்ட் எல்லாம் கழற்றி வைத்துச் சோதனைக்காகச் சுமார் 25 நிமிஷம் காத்திருந்ததாக வழக்குப் போட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் என்றால் இரண்டரை மணி நேரம்! 2014-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதற்குக் கூலி இல்லை என்றார்கள். பண்டம் எடுத்துக் கட்டுவதுதான் வேலையாம். சோதனைக்கு நிற்பது வேலையில் அடங்காதாம். சோதனைக்கு நிற்க மாட்டேன் என்று சொன்னால் வேலை இருக்குமா?

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான சட்டம் 1947-இல் பிறந்தது. அதற்கு முந்தின வருஷம், ஆலைக் கேட்டிலிருந்து மெஷின் வரை நடக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று மிச்சிகனில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பானது. மற்ற ஆலைத் தொழிலாளரும் வரிசையாக வழக்குத் தொடுத்தார்கள். முதலாளிகள் அலறினார்கள், ஒரே வருஷத்தில் சட்டம் வந்து அந்த உரிமையை விழுங்கிவிட்டது. நம் கோரிக்கைகளுக்கு ஏன் இந்த வேகம் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் தொழிலாளர் விடவில்லை. கலிபோர்னியாவில் ஆப்பிள் கம்பெனிக் கடைச் சிப்பந்திகள் மாகாணச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். பையைச் சோதிக்கக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே, ஏனென்றால் அந்நேரம் அவன் முதலாளியின் பிடியில் இருக்கிறான் என்று அங்கே 2020-இல் தீர்ப்பானது.

நம் நாட்டில் 1946-ஆம் வருஷத்து ஸ்டாண்டிங் ஆர்டர் சட்டத்தின் அட்டவணையிலேயே, எந்தக் கேட் வழியாக வருவது, சோதனைக்கு உட்படுவது ஆகிய விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கண்டிருந்தது. அங்கே "பிரிஸ்க்" இல்லை, "பேட்-டௌன்" இல்லை, "சோதனை" என்றே இருந்தது. அந்த விதிகளைப் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் பாஷையில் வாசல் அருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிட்டது. உங்கள் கேட்டில் அந்தப் பலகை இருக்கிறதா? பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும், மறைவில் சோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதா? நேரம் பதியும் மெஷின் சோதனை வரிசைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? நாளை ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பார்த்துவைத்துச் சங்கத்தில் சொல்லுங்கள்.