சுவர் ஷாக் அடிக்கிறது, யாரிடம் சொல்வது?

மழைக்காலத்தில் சுவர் ஷாக் அடிக்கிறது என்று சொன்னால், பழைய வீடுகளின் உரிமையாளர்கள் பலரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: “செருப்பு போட்டுக்கிட்டு சுவிட்ச்சத் தொடுங்க.” அதையும் மீறிக் கேட்டால், “இஷ்டம்னா இருங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க.” முதல் பதிலில் உள்ள கோளாறை எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிடுவார். இரண்டாவது பதில் சாதியின் தைரியத்தில் வருவது.

வடசென்னையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மூன்று போர்ஷன்கள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ். சென்ற ஐப்பசி மழையில் குளியலறைச் சுவரில் டெஸ்டர் வைத்தால் எரிந்தது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். வயரின் மேல்தோல் கருகி, தொட்டாலே உதிர்ந்தது. எர்த் கம்பியே கிடையாது. பியூஸ் கட்டையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அடிக்கடி பியூஸ் போகாமலிருக்க யாரோ செய்த வேலை. அப்படிச் செய்தால் பியூஸ் போகாது, வயர்தான் எரியும்.

ஒழுங்கான பியூஸாகவே இருந்தாலும் ஷாக்கிலிருந்து அது காப்பாற்றாது. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பகுதி போதும், பியூஸ் போக அதைவிடப் பல மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். அதற்குத்தான் ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே மெயினைத் துண்டித்துவிடும், எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். ஆனால் இரண்டு போர்ஷனுக்கு ஒரே நியூட்ரலை இழுத்து வைத்திருந்தால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இழுத்திருக்கிறார்கள். ஆக, முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் சொன்ன தொகை ஒரு போர்ஷனின் மூன்று மாத வாடகை.

இந்தச் செலவு யாருடையது? சட்டத்தில் குழப்பமே இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை சுவிட்ச், சாக்கெட் பழுதை வாடகைதாரரிடம் விடுகிறது. உள்ளும் புறமுமான வயரிங்கை உரிமையாளர் தலையில் வைக்கிறது. அவர் மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். மின்சாரத்தைத் துண்டித்து மிரட்டினால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, மூன்று வீட்டாரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம் என்று பக்கத்து போர்ஷன் அக்காவிடம் கேட்டேன். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஷாக் அடித்தது அவர்களில் சின்னவனுக்குத்தான். அக்கா கையெழுத்துப் போடவில்லை. “மனுன்னு போனா ஊரு, தெருன்னு எல்லாம் நோண்டுவாங்க தம்பி. இங்க வரும்போது நாங்க ஊர் பேர மட்டும்தான் சொன்னோம்” என்றார்.

அக்காவைக் கோழை என்று சொல்பவர்கள் ஒருமுறை வீடு தேடிப் பார்க்கட்டும். “சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, கறி சாப்பிடுவீங்களா, நீங்க என்ன ஆளுங்க” என்ற கேள்விகளுக்கெல்லாம் தப்பித்து ஒரு வீடு கிடைத்தவர்கள், அந்த வீட்டின் ஈரச் சுவரையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். இந்த வீடு போனால் வேறு வீடு என்று இருப்பவருக்கு வயரிங் ஒரு புகார். போக வேறு வீடு இல்லாதவர் பிள்ளைகளிடம் “ஈரக் கையோட சுவரத் தொடாதே” என்று சொல்லிக்கொண்டு இருப்பார். சட்டம் இருவருக்கும் ஒரே உரிமையைக் கொடுத்திருக்கிறது.

1917இல் பரோடாவில் வேலைக்குச் சேரப் போன அம்பேத்கருக்கு நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். அவர் இருந்த மாடியில் மின்விளக்கு கிடையாது, எண்ணெய் விளக்குகூடக் கிடையாது. காவலாளி கொண்டுவந்து வைக்கும் சிறு அரிக்கேன் விளக்குதான். கொலம்பியாவில் படித்துத் திரும்பியவர் அந்த இருட்டைப் பொறுத்துக்கொண்டார், வெளியே போனால் வேறு இடமில்லை என்பதால். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அதிலிருந்தும் வெளியேற்றினார்கள். வசதிக் குறைவைப் பற்றி வாய் திறக்க முடியாத அந்த நிலை நூறாண்டு கழித்தும் வாடகை போர்ஷன்களில் இருக்கிறது.

சாதி காரணமாக வீடு மறுப்பது சட்டப்படி குற்றமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955, பிரிவு 4, தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. நிரூபிப்பதுதான் சிக்கல். “வீடு நேத்தே முடிஞ்சிடுச்சுங்க” என்று போனில் சொல்பவரை எந்தச் சாட்சியை வைத்துப் பிடிப்பது? வாடகைச் சட்டத்தைப் பார்த்தால், வாடகைப் பேச்சில் சாதி கேட்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. ஒப்பந்தம் எழுதாமலிருப்பதை மட்டும் வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. எழுத மறுப்பது பெரும்பாலும் உரிமையாளர், தெருவுக்கு வருவது வாடகைதாரர். இதை எழுதியவர்கள் ஒருநாளும் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதே, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வயரிங்கைச் சோதித்துத் தந்த சான்றையும் உரிமையாளர் தர வேண்டும் என்று அரசு விதி கொண்டுவர வேண்டும். அப்போது அக்கா மனு எழுத வேண்டியிருக்காது, யாரும் அவர் தெருவை நோண்டவும் வேண்டியிருக்காது. மின் கசிவு பற்றிய புகாரை வாடகைதாரரின் பெயர் வெளியே தெரியாமல் வாங்கிக்கொள்ளவும் வழி வேண்டும். வாடகைச் சட்டத்திலேயே சாதி விசாரணையைத் தடைசெய்து, ஒப்பந்தம் எழுத மறுக்கும் உரிமையாளருக்குத் தண்டம் விதிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் வீட்டில் மாடி போர்ஷனோ பின்கட்டோ வாடகைக்கு விட்டிருப்பார்கள். “அப்பா பழைய ஆளு, அவர்கிட்ட இதெல்லாம் பேச முடியாது” என்று என்னிடமே சொன்ன தோழர்கள் உண்டு. மேடையில் பேசுவதை வீட்டு ஹாலில் பேச முடியாது என்பது எனக்குப் புரிவதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டு கேட்டில் டூலெட் பலகை தொங்கும்போது, வருபவரிடம் அப்பா என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த போர்ஷனின் பியூஸ் கட்டையைக் கழற்றி, உள்ளே என்ன கம்பி சுற்றியிருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.