தாயிடமும் கேளுங்கள்

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோருடைய கண்களும் தொட்டிலின் மீதே இருக்கும். மூக்கு யாரைப்போல, நிறம் யாரைப்போல என்று பேசி மகிழும் உறவினர்கள், அருகே படுத்திருக்கும் தாயின் முகத்தைக் கவனிப்பது அரிது. பத்தியம், எண்ணெய்க் குளியல், மருந்து என அவரது உடலுக்குச் செய்ய வேண்டியவை முறையாக நடைபெறும். ஆனால், காரணம் சொல்ல இயலாமல் அவர் அழுவதும், குழந்தை உறங்கிய பின்னரும் விழித்துக் கிடப்பதும், தான் நல்ல தாயல்ல என்று தனக்குள் மருகுவதும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பிரசவம் முடிந்த சில நாள்களில் தோன்றும் கலக்கமும் கண்ணீரும் இயல்பானவை. பெரும்பாலோருக்கு இரு வாரங்களுக்குள் அவை தாமாகவே அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்து, உணவும் உறக்கமும் குழந்தையின் மீதான நாட்டமும் குன்றும்போது அது மனச்சோர்வு என்னும் நோய். மாயக்குரல் கேட்பது, பொருந்தாத அச்சங்கள் எழுவது போன்ற தீவிர மனநோய் ஆயிரத்தில் ஓரிருவருக்கே வரும் என்றாலும், அது உடனடி மருத்துவம் தேவைப்படும் நெருக்கடி நிலையாகும். இம்மூன்றையும் பிரித்தறியும் விழிப்புணர்வு நம் குடும்பங்களில் இல்லை. பல மருத்துவமனைகளில்கூட இதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இது வசதி படைத்த நாடுகளின் நோய் என்ற எண்ணம் தவறானது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழ் 2017-ல் வெளியிட்ட கட்டுரை, மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளாகும் தாய்மார் 22 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்! இவ்வளவு பரவலான உடல்நோய் ஒன்று தாய்மாரைத் தாக்கியிருந்தால் நாடே பதறியிருக்கும்.

காரணங்களும் புதிரானவை அல்ல. கோவாவிலும் வேலூர் மாவட்டக் கிராமங்களிலும் நடந்து, 2002-ல் வெளியான இரு ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் கூறின. வறுமை, குடும்ப உறவுகளில் கசப்பு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் குழந்தை பிறப்பது ஆகியவை நோய்க்கு வழி வகுக்கின்றன. கோவாவில் கணவரின் வன்முறையும், வேலூரில் வீட்டு வேலைக்கு உதவ ஆளில்லாமையும் இவற்றுடன் சேர்ந்துகொண்டன. பெற்ற பிள்ளை பெண் என்பதற்காக வீட்டார் முகம் சுளிக்கும்போது, தாயின் மனச்சோர்வை ஹார்மோன் மாற்றத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது.

நாற்பது நாள் ஓய்வு என்ற மரபு இந்தியாவின் பல பகுதிகளிலும் உண்டு. தாய்வீட்டின் அரவணைப்பில் கழியும் அந்நாள்கள் பலருக்கு வரமாக அமைகின்றன. ஆனால், கண் பட்டுவிடும் என்று அஞ்சி மூடப்படும் அதே அறையில், மனம் விட்டுப் பேச ஆளின்றித் தவிப்போரும் உண்டு. நகரங்களின் தனிக்குடித்தனங்களிலோ அந்த நாற்பது நாள் துணையும் பலருக்கு வாய்ப்பதில்லை. தன் வேதனையை வெளியே சொன்னால், "நாங்கள் பெற்று வளர்க்கவில்லையா?" என்ற ஒற்றைக் கேள்வியில் வாய் அடைக்கப்பட்டுவிடுகிறது. நன்றிகெட்டவள் என்ற பெயருக்கு அஞ்சியே பலர் மௌனம் காக்கிறார்கள்.

தாய் சேய் நலத்தில் நாடு எட்டியுள்ள முன்னேற்றத்தை மறுப்பதற்கில்லை. 2005-06-ல் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21-ல் அது 89 ஆக உயர்ந்தது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004-06-ல் 254 தாய்மார் இறந்த நிலை மாறி, 2018-20-ல் அந்த எண்ணிக்கை 97 ஆகக் குறைந்தது. தாயின் உயிரைக் காக்கக் கற்றுக்கொண்ட நிர்வாகம், அவரது மனத்தைக் காக்கவும் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது.

அதற்கான வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2011-ல் தொடங்கப்பட்ட, பிறந்த குழந்தையை வீட்டிலேயே சென்று கவனிக்கும் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் 42 நாள்களில் ஆறு முறை செல்ல வேண்டும். குழந்தையை எடை பார்க்கிறார், தாய்க்குக் காய்ச்சல் உண்டா, பால் சுரக்கிறதா என்று கேட்கிறார். இயல்புக்கு மாறாகப் பேசுகிறாரா, வலிப்பு வந்ததா என்பதையும் குறித்துக்கொள்கிறார். ஆனால், சத்தமின்றி மூலையில் அமர்ந்து அழும் தாய் இயல்புக்கு மாறாகப் பேசுவதில்லை. அவர் பேசுவதே இல்லை. அவரை அந்தக் கேள்விகள் கண்டுகொள்வதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. 30 வயதைக் கடந்தோரிடம் நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கண்டறிய அதே ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்தில், எதிலும் நாட்டமின்றி இருக்கிறீர்களா, மனம் தளர்ந்து நம்பிக்கை இழந்திருக்கிறீர்களா என்ற இரு கேள்விகள் இடம்பெற்றுள்ளன. நம் நாட்டில் பெரும்பாலான பெண்கள் தாயாவது முப்பதுக்கு முன்பே. கேள்வி கையில் இருக்கிறது. கேட்கப்பட வேண்டியவரிடம்தான் கேட்கப்படுவதில்லை. பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலும் 1987 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் அது சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

கேட்பது மட்டும் போதாது என்பது உண்மையே. மாமியாரும் நாத்தனாரும் சூழ்ந்திருக்கையில் கேட்டால் உண்மையான பதில் வராது. தனியே கேட்க ஆஷா பணியாளருக்குப் பயிற்சி வேண்டும். ஊழியராக ஏற்கப்படாமல் ஊக்கத்தொகைக்கு உழைக்கும் அவர் மீது மேலும் ஒரு சுமையை ஏற்றும்போது, அதற்குரிய ஊதியமும் தரப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆம்" என்று பதில் சொல்லும் தாயை எங்கே அனுப்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இது நடக்குமா என்ற ஐயம் எழலாம். நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உள்ளன. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் 2005 முதல் 2008 வரை, ஏக்ஜுட் என்ற தொண்டு நிறுவனம் பெண்களை மாதந்தோறும் கூட்டிப் பேசவைத்தது. பச்சிளங்குழந்தைகளின் இறப்பைக் குறைப்பதே நோக்கம். அந்த இறப்பு 32 சதவீதம் குறைந்தது. கூடவே, மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வும் 57 சதவீதம் குறைந்திருந்தது. கூடி அமர்ந்து பேசியது பெரும் மருந்தாயிற்று. கோவாவில் மருத்துவப் படிப்பு இல்லாத பெண்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளுக்குத் துணையாக அனுப்பியபோது, குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில் மீண்டு வந்தோர் விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கேரள அரசு "அம்ம மனசு" என்ற பெயரில் கர்ப்பிணிகளின் மனநலத்தைக் கவனிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தால் இயலுவது மற்றவற்றுக்கு ஏன் இயலாது?

நோய் முற்றியோருக்கு மருத்துவமனை வேண்டும். தாயும் சேயும் பிரியாமல் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவை பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2009-ல் தொடங்கியது. மனநல நிலையத்தில் தங்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது. சட்டம் சொல்லியும் இத்தகைய பிரிவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே உள்ளன. மாநிலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது இதனை அமைக்க மத்திய அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

தந்தையரையும் மறந்துவிடலாகாது. பத்தில் ஒரு தந்தைக்கு இக்காலத்தில் மனச்சோர்வு ஏற்படுவதாக 2010-ல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று தெரிவித்தது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. கூலித் தொழிலாளிக்கோ அன்றைய வேலையை விட்டால் அன்றைய உணவில்லை. இரவில் ஒரு வேளை குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டு, மனைவி நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்க வழி செய்யும் கணவர் செய்வதும் ஒரு சிகிச்சையே.

2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையை, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இந்த எண்ணைத் தடுப்பூசி நாள்களைக் குறிக்கும் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடுவதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தாய்க்கு எழுந்தால், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது குடும்பத்தின் கடமை.

குழந்தை பால் குடிக்கிறதா, எடை கூடுகிறதா என்று கேட்க ஆறு முறை கதவைத் தட்டுகிறது அரசு. அந்த ஆறு முறைகளில் ஒரு முறையேனும், "நீ எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று கேட்டு, பதிலுக்குப் பொறுமையுடன் காத்திருந்தால் ஐந்தில் ஒரு தாயின் சுமை குறையத் தொடங்கும். தொட்டில் நிறைவாக ஆட, அதை ஆட்டும் கை தளராமல் இருக்க வேண்டும்.