மட்கார்டு கழற்றிய சைக்கிள்

மழை வெறித்த மறுநாள் காலையில் சிவகாசியில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், மலை ரொம்பக் கிட்டத்தில் வந்து நிற்கும். மற்ற நாளெல்லாம் வெயிலும் புழுதியும் சேர்ந்து அதை மறைத்துவிடும். போன லீவுக்கு வந்திருந்த பேரன் அப்படி ஒரு காலையில்தான் மலையைப் பார்த்துவிட்டான்.

"தாத்தா, அந்த மலைக்குச் சைக்கிள்ல போலாமா?"

அவன் பெங்களூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வரும்போது காருக்குப் பின்னால் தன் சைக்கிளையும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தடித்த டயர், இருபத்தொரு கியர், முன்பக்கம் ஸ்பிரிங். அதன் விலையைக் கேட்டு நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

"அங்கே புலி இருக்குடா. காட்டுக்குள்ளே விடமாட்டாங்க" என்றேன்.

அவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வழுக்குப் பாறையிலும் சேற்றிலும் ஆட்கள் சைக்கிளில் பறக்கிறார்கள். 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் நடந்த ஆசிய மலைச் சைக்கிள் போட்டியாம். "தாத்தா, இதுவும் இதே மலைதானே?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். நாம் இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் நின்று பார்க்கிற மேற்குத் தொடர்ச்சி மலைதான் தெற்கே நீண்டு பொன்முடி ஆகிறது. அந்தப் பக்கம் ஆசியாவே வந்து சைக்கிள் ஓட்டுகிறது. இந்தப் பக்கம் நாம் காலண்டரில் பனிமலையை அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, சொந்த மலையை மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றித்தான் இன்றைக்கு நாலு வார்த்தை.

நம் வயதுக்காரர்களுக்குச் சைக்கிளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் சைக்கிள் கடையில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுத்து, கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டவர்கள்தானே நாம். பின்னால் கேரியரில் மூன்றடுக்கு டிபன் கேரியர், முன்னால் பாரில் ஒரு பிள்ளை. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் இந்த ஊர் சைக்கிளில்தான் போய் வந்தது. சைக்கிளுக்கு உள்ளாட்சியில் வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்டுவோம். விளக்கு இல்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும்.

திருவிழாப் பொட்டலில் ஒருவர் ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டுவாரே, நினைவிருக்கிறதா? சைக்கிளில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாற்றுவார். ராத்திரி ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஊரே உட்கார்ந்து பார்க்கும். கடைசி நாள் மாலையும் சட்டையில் குத்திய ரூபாய் நோட்டுமாக ஊர்வலம் போவார். அதை விளையாட்டு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வித்தை என்றோம், சில்லறை போட்டோம், வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த உடம்புக்கும் உறுதிக்கும் ஒரு பயிற்சியாளரும் ஒரு பந்தயப் பாதையும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மலைச் சைக்கிள் பந்தயம் எங்கே பிறந்தது என்று பேரன் போனபிறகு தேடிப் படித்தேன். பணக்கார விளையாட்டு, பெரிய கம்பெனிகள் ஆரம்பித்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கதை வேறு மாதிரி இருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டமல்பையஸ் என்று ஒரு மலை. (பெயரில் தமிழ் தெரிகிறதே என்று யாரும் துள்ள வேண்டாம், அது அங்குள்ள பழங்குடி மக்களின் மொழி.) 1970களில் அந்த வட்டாரத்து இளவட்டங்கள் சிலர், முப்பது நாற்பது வருடப் பழசான கனத்த சைக்கிள்களைக் காயலான் விலைக்கு வாங்கினார்கள். மட்கார்டையும் தேவையில்லாத தகரத்தையும் கழற்றி எறிந்தார்கள். மண் பாதையில் மலை உச்சியிலிருந்து கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21இல் நேரம் குறித்து முதல் பந்தயம் வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் ஆயிரத்து முன்னூறு அடி இறக்கம்.

அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதுவே, ரீபேக் என்று, அந்தப் பந்தயத்துக்கும் பெயர் ஆயிற்று. அவர்களில் ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே புது பிரேம் செய்தார். 1990இல் உலகச் சாம்பியன் போட்டி வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது. கிரீஸ் அடைத்த கையிலிருந்து ஒலிம்பிக் வரை இருபதே வருடம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-06இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. அப்போது நான் மலையடிவாரப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விநியோகப் பொறுப்பும் என் தலையில். பதினோராம் வகுப்பில் ஒரு பையன், அப்பா விறகு வெட்டப் போகிறவர். சைக்கிள் வாங்கிய ஒரே வாரத்தில் மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். கண்மாய்க் கரையில் ஏறுவான். ஓடைக்குள் இறங்குவான். கல்லுக்குக் கல் தாவுவான். மற்ற பையன்கள் கரையில் நின்று கைதட்டுவார்கள்.

நான் அவனை ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்க வைத்துத் திட்டினேன். "அரசாங்கம் கொடுத்த பொருளைப் பிரிச்சுப் போடுறியா? நாளைக்குள்ள எல்லாத்தையும் மாட்டிட்டு வரணும்லே." மாட்டிக்கொண்டு வந்தான். சில மாதம் கழித்து ஒரு சைக்கிள் போட்டிக்கு அனுமதி கேட்டு வந்தான். அன்றைக்கு ரிவிஷன் டெஸ்ட். "சைக்கிள் ஓட்டி என்னத்தைக் கிழிக்கப் போறே, படி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

போன லீவில் பேரனுடைய சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சார், வாங்க, உக்காருங்க" என்றார். அவனேதான். இனி அவர் என்றே எழுத வேண்டும். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. கியர் சைக்கிளுக்குப் படிப்பு ஒன்றும் அவர் படித்ததில்லை. பத்து நிமிடம் சுற்றிப் பார்த்து, கேபிளை இழுத்து, ஏதோ ஒரு திருகைத் திருகிச் சரி செய்துவிட்டார். காசு வாங்கவில்லை. நான் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு மட்கார்டை மாட்டிட்டேன் சார். நீங்க திரும்ப வந்து பாக்கவே இல்லை."

கலிபோர்னியாக்காரர்கள் செய்ததை அப்படியே செய்தவன் அவன். யாரும் சொல்லித் தரவில்லை. படிப்பு முக்கியம் இல்லை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு டெஸ்டை மறுநாள் வைத்திருக்கலாம். ஒரு போட்டி அந்தப் பையனை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத அளவுக்கு நான்தான் கதவைச் சாத்தினேன்.

"நம்ம பிள்ளைகளால் லட்ச ரூபாய்ச் சைக்கிளுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேபாளத்தில் ராஜேஷ் மகர் என்று ஒரு வீரர். சிறுவயதில் காத்மாண்டுவில் ஓட்டை உடைசல் சாமான்களையும் மோட்டார் பைக் உதிரிகளையும் வைத்துத் தானே சைக்கிள் செய்துகொண்டவர். பிறகு மலை இறக்கப் பந்தயத்தில் நான்கு முறை நேபாளத் தேசியச் சாம்பியன். அவரைப் பற்றி 2018இல் ஒரு ஆவணப்படமே வந்தது. நம் நாட்டிலும் இமாச்சலத்தில் 2005 முதல் மலைச் சைக்கிள் பந்தயம் நடத்துகிறார்கள். இமயமலைக்காரர்கள் ஆரம்பிக்க லட்ச ரூபாய் தேவைப்படவில்லை. லட்ச ரூபாய்ச் சைக்கிள் பத்தாவது படியில் வேண்டியிருக்கும். நாம் முதல் படிக்கே பயந்து நிற்கிறோம்.

அந்த முதல் படிகூட நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி. சிறுவர்களுக்கு 15 கிலோமீட்டர், சிறுமியருக்கு 10 என்று ஆரம்பிக்கும். இதில் எனக்குப் பிடித்த விதி, இந்தியாவில் செய்த சாதாரணக் கைப்பிடிச் சைக்கிளாக இருக்க வேண்டும் என்பது. கியர் சைக்கிளுக்கு இடம் இல்லை. பணக்காரப் பிள்ளையும் விலையில்லாச் சைக்கிள் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கலாம். இதைவிட நல்ல விதியை யார் எழுத முடியும்?

என் யோசனை சின்னது. அதே நாளில், அதே சைக்கிளில், தார்ச்சாலைப் போட்டியோடு ஒரு மண்பாதைப் போட்டியும் சேர்க்கட்டும். புலிகள் காப்பகத்துக்குள் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021இல் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. நமக்கு மழையும் வைகைக்குத் தண்ணீரும் தருகிற காடு அது. அங்கே டயர் தடம் விழக் கூடாது என்பதில் நான் வனத்துறை பக்கம்தான். ஆனால் அண்ணா பிறந்த நாள் வருவது செப்டம்பரில். நமக்கு வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பு. மாவட்டத்தில் பாதிக் கண்மாய் காய்ந்து கிடக்கும் நேரம். கரை மேடு, மடைப் பள்ளம், ஓடை மணல், பனங்காட்டு வண்டிப்பாதை என்று கடவுளே போட்டுவைத்த பந்தயப் பாதை. ஐந்து கிலோமீட்டர் சுற்று போதும். தலைக்கு ஹெல்மெட் கட்டாயம், கரையில் ஆம்புலன்ஸ் கட்டாயம்.

லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோட்டில் பிள்ளையைச் சைக்கிளில் விடப் பயமாக இருக்கிறது என்கிறார்கள் தாய்மார்கள். எனக்கும் பயம்தான். அதனால்தான் கண்மாய்க் கரை என்கிறேன். அங்கே விழுந்தால் முட்டி சிராயும், அவ்வளவுதான். நமக்கெல்லாம் சிராயாத முட்டியா?

பெண்பிள்ளைகளுக்கு இது சரிப்படுமா என்று கேட்பவர்கள் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள். முதலில் கேலி பேசிய ஊரே பிறகு வாயை மூடிக்கொண்டது.

இன்னொன்று. பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டாம். பஞ்சர் கடை வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத்தில் சம்பளத்தோடு உட்கார வைக்கலாம். செயின் மாட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் கோணல் ரிம்மை நிமிர்த்தவும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். வருடா வருடம் கொடுக்கிற சைக்கிள்களில் எத்தனையோ, சின்ன ரிப்பேர் பார்க்காமலே மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கின்றன. சில பாதி விலைக்குக் கைமாறுகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

பேரன் ஊருக்குப் போகும் முன்பு அவனையும் அந்தக் கடைக்காரரையும் ஒரு காய்ந்த கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் வேப்பமர நிழலில் நான் உட்கார்ந்துகொண்டேன். பேரன் இருபத்தொரு கியரையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் மடைக்குப் பக்கத்து மேட்டில் பாதியில் காலை ஊன்றிவிட்டான். இவர் கடையில் கிடந்த பழைய பள்ளிக்கூடச் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறினார். மேலே நின்று என்னைப் பார்த்தார். நான் கைதட்டினேன். தாமதம்தான்.

அவருக்கு ஆறாம் வகுப்பில் ஒரு மகள். வரும் செப்டம்பர் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மண்பாதைப் போட்டி கேட்டு ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை விருதுநகர் பஸ்ஸில் சேர்ந்தே போவோம்.