வேலைநிறுத்தமும் ரேஷன் அரிசியும்

மதுரை கலெக்டர் அலுவலகப் பக்கம் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. ஒருநாள் அங்கன்வாடிப் பணியாளர்கள், இன்னொரு நாள் சத்துணவு ஊழியர்கள், மற்றொரு நாள் ரேஷன் கடை ஊழியர்கள். கொடி, கோஷம், போலீஸ் வேன். பஸ்ஸில் போகிற நாம், "இவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசும்போதும் நம்மில் பலருடைய கருத்து இதுதான்: அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை?

2003ஆம் ஆண்டு தமிழகத்தில் பலர் இப்படித்தான் கேட்டார்கள். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஓய்வூதியப் பலன்கள் உள்ளிட்ட சலுகைகளை அன்றைய ஜெயலலிதா அரசு குறைத்தது. அதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'டெஸ்மா' சட்டம் பாய்ந்தது. சில நாள்களுக்குள் சுமார் 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகே பெரும்பாலோர் திரும்ப முடிந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் உரிமை இல்லை என்றது.

அப்போது ஊழியர்களுக்காக மக்கள் பெரிதாக இரங்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தவனுக்கு எங்கிருந்து இரக்கம் வரும்? ஆனால் அந்தக் கத்தரிக்கோல் ஊழியரோடு நிற்கவில்லை. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்று கணக்கிடப்பட்ட குடும்பங்களின் ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த அட்டைக்கு அரிசி இல்லை. ஊழியரின் பணத்தை வெட்டியதும் மக்களின் அரிசியை வெட்டியதும் ஒரே கணக்குப் புத்தகம்தான். இதை ஊழியர் சங்கங்கள் மக்களிடம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். நாமும் கேட்கக் காது கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்து நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி தோற்றது. மே 18ஆம் தேதி முதல்வர் பல முடிவுகளைத் திரும்பப் பெற்றார். ஊழியர்மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன, 'எச்' முத்திரை போனது, கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் போனது. அந்தச் சட்டத்தை எதிர்த்து 2002 அக்டோபரில் நம் கல்வி நிறுவனங்களை ஒருநாள் மூடியவர்கள் நாம். நம் துன்பமும் ஊழியரின் துன்பமும் ரேஷன் வரிசையில் நின்றவரின் துன்பமும் ஒரே நாளில் தீர்ந்தன. அதற்கு முந்தைய ஓராண்டில் மூவரும் ஒருவருக்காக ஒருவர் எவ்வளவு பேசினோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1981இல் வெளியிட்ட, மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், தகுந்த காரணமும் வரம்பும் இருந்தால் வேலைநிறுத்தம் நியாயமான வழி என்கிறார். அதில் பங்கேற்றதற்காகத் தொழிலாளி தண்டிக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறார். அதே இடத்தில், மக்களின் வாழ்வுக்கு அவசியமான சேவைகள் தடைபடக் கூடாது, அதற்காகத் தேவையானால் சட்டமும் செய்யலாம் என்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அரசுகள் பின்பாதியை மட்டும் படிக்கின்றன. சங்கங்கள் சில வேளைகளில் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன.

சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியை நினைத்துப் பாருங்கள். வெள்ளையர் காலத்தில் அவ்வூர்க் கள்ளர் சமூகத்தாருக்கு அரசாங்கம் என்றால் கைரேகைச் சட்டம். இரவில் ஊரில் இருக்கிறார்களா என்று கணக்கெடுக்கும் போலீஸ். அச்சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. இன்று நம் ஊர்களில் அரசாங்கத்தின் முகம் வேறு: அங்கன்வாடி டீச்சர், சத்துணவு ஆயா, ரேஷன் கடைக்காரர். இன்றும் விரலை வைக்கிறோம், ஆனால் அரிசி வாங்க வைக்கிறோம். இந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

அந்த அங்கன்வாடி டீச்சரை நாடு எப்படி நடத்துகிறது? 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம் இது. 2015-16 மத்திய பட்ஜெட்டில் இதற்கான ஒதுக்கீடு, முந்தைய பட்ஜெட்டின் சுமார் 18,000 கோடி ரூபாயிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. வரி வருவாயில் மாநிலங்களின் பங்கை 32லிருந்து 42 சதவீதமாக உயர்த்திவிட்டோம், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது காரணம். பிறகு கூடுதல் தொகை ஒதுக்கினார்கள். ஆனாலும் மாதாமாதம் சம்பளம் கொடுக்க முடியுமா என்பதே சந்தேகமாக இருக்கிறது என்று துறை அமைச்சர் மேனகா காந்தியே அவ்வாண்டு வெளிப்படையாகச் சொன்னார். செப்டம்பர் 2 பொது வேலைநிறுத்தத்தில் அங்கன்வாடிப் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். 2018 ஜனவரியிலும் வந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் முதல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை 3,000லிருந்து 4,500 ரூபாய் ஆனது. அதற்குப் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மதிப்பூதியம் என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு நம் வீட்டு நினைவும் வருகிறது. குழந்தைகளைப் பார்ப்பது சேவை, சேவைக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று அரசு சொல்வதுபோலவே, கோயில் வேலை இறைவனுக்குச் செய்வது என்று நாமும் சொல்கிறோம். அறுவடைக்காரரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியது, கடிதம் வாசித்த கிறிஸ்தவர்களுக்குத்தான். நம் பங்கின் உபதேசியார், கோவில்பிள்ளை, பங்கு இல்லத்துச் சமையல்காரர் ஆகியோருக்கு மாதம் என்ன தருகிறோம், வயதான பிறகு அவர்களுக்கு என்ன இருக்கும் என்பதை அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கலாம்.